கெரின் சொன்ன ‘நிப்பாட்டு’

எங்கள் மேட்டுப் பகுதியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கீழே அடிலெய்டு ஊருக்குள் விசிறி போட்டுக்கொண்டு புழுங்குகிற நாளில்கூட இங்கே கதவு படபடக்கும். ஆனாலும் அந்த ஏப்ரல் ராத்திரி அடித்ததே, அது காற்றா! ஒரு வீட்டுக் கோழிக்கூண்டு கோழிகளோடு வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிற்று. விடிந்து பார்த்தால் பெர்ரிமன் தெருவின் குறுக்கே ஒரு பெரிய தைலமரம் வேரைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. அது முட்டுத் தெரு. உள்ளே இருக்கிற வீடுகளுக்குப் போக வர அது ஒன்றுதான் வழி.

அவசரப் படை வண்டியில் வரும்போது, வயர்லெஸ்ஸில் தெருப் பெயரைக் கேட்டதுமே கெரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காற்று மழை என்று கூப்பிட்டால் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல், இயந்திர ரம்பத்தோடு மரம் அறுக்க வந்துவிடுவாள். எங்கள் படையில் எல்லோருமே அப்படித்தான். தலைவன் டேமியன் கசாப்புக் கடை வைத்திருக்கிறான். லினெட் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள்.

வண்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் அலிஸ்டர் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவனுடைய பிக்கப் வண்டி, அதன் வாலில் ஒரு ட்ரெய்லர், அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டின வீட்டுச் சாமான் மொத்தமும்.

அலிஸ்டர் அன்றைக்கு ஊரைவிட்டுப் போகிறவன். வீட்டை விற்றாயிற்று. டாஸ்மேனியாவில் இருக்கும் மகள் கிர்ஸ்டிக்கு இரட்டைக் குழந்தை. அவற்றின் தகப்பன் அவை வயிற்றில் இருக்கும்போதே கம்பி நீட்டிவிட்டான். அலிஸ்டரும் மனைவியைப் பறிகொடுத்தவன், தனி ஆள். மகளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். நண்பகலுக்குள் கிளம்பினால் இரவுக்குள் ஜீலாங் துறைமுகம், அங்கிருந்து கப்பல். விடுமுறைக் காலம் பாருங்கள், இந்தக் கப்பலை விட்டால் வண்டியோடு இடம் கிடைப்பது ஈஸ்டர் முடிந்துதான்.

அவன் போவதில் கெரினுக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ரம்பம் பிடிக்கிறவருக்குக் கண்ணெல்லாம் வெட்டுவாயில் இருக்கும். காதை அடைத்திருக்கும். அதனால் பின்னால் ஒருவர் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது அசைந்தால் அவர் தோளில் தட்டுவார். பதினோரு வருஷமாகக் கெரின் ரம்பம் பிடித்தாள், அலிஸ்டர் பின்னால் நின்றான். அந்தத் தட்டலைத் தவிர அவன் அவளைத் தொட்டதே கிடையாது. ஒருமுறை தட்டியதோடு விடாமல் பிடித்து இழுத்தும்விட்டான்; அவள் நின்ற இடத்தில் ஒரு கிளை தொப்பென்று வந்து விழுந்தது. அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே படுத்திருந்தாள். கிளையைப் பற்றி நினைக்கவே இல்லை. விவாகரத்தாகிப் பல வருஷம் ஆன பொம்பளை, வெட்கக்கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்படியானால் சொல்லித் தொலைப்பதற்கென்ன? அங்கேதான் சிக்கல். எங்கள் படையில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக இருப்பவர்களை ஒரே ரம்பத்தில் நிறுத்த மாட்டார்கள். மேலே பார்க்க வேண்டியவன் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று பயம். டேமியனும் டெஸ்ஸும் நிச்சயம் செய்துகொண்ட வாரமே டெஸ்ஸை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். சொன்னால் அவன் தன் முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டான் என்றுதான் கெரின் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் எப்போதும் நிற்பான் என்று நினைத்திருந்தாள். போன வாரம் அவன் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பிரிவு விருந்தில் எல்லோரும் சாசேஜ் சுட்டுத் தின்றார்கள். கெரின் அவன் கையைக் குலுக்கி, “ஒழுங்கா போய்ச் சேரு” என்று மட்டும் சொன்னாள். வண்டியில் ஏறியதும் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டாள்.

மரம் மின்கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது. கம்பி இலைக்குள் எங்கோ கிடந்தது. மின்சாரக்காரர் வந்து கம்பியில் கரண்ட் இல்லை, உயிரில்லை என்று சொல்லும்வரை யாரும் நெருங்கக் கூடாது. இந்தப் பக்கம் எட்டு மீட்டரில் ஒரு தடுப்பு நாடா, அந்தப் பக்கம் எட்டு மீட்டரில் ஒரு நாடா. பேச வேண்டுமென்றால் தெரு முழுக்கக் கேட்கக் கத்தித்தான் பேச வேண்டும்.

“என்ன அலிஸ்டர்! நீ ஊரை விட்டுப் போறது மரத்துக்குத் தெரிஞ்சுபோச்சு போல. குறுக்க விழுந்து காலைப் பிடிக்குது!” என்று டேமியன் ஆரம்பித்தான்.

“நான் நட்ட மரமா என்ன? என்மேல அதுக்கு என்ன பாசம்?”

“பாசம் இல்லப்பா, கடன் பாக்கி ஏதாவது வச்சிருப்ப!”

மூன்றாம் வீட்டு வாசலில் மிலிட்சா வந்து நின்றாள். அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். “கெரின்! இந்த ஆளு மூட்டை கட்டுன லட்சணத்தை வந்து பாரேன்! கத்தியை எல்லாம் நல்ல சட்டையில சுத்தி வச்சிருக்கான். ஒரு பொம்பளை கூட இருந்தா இப்படி நடக்குமா?”

“நடக்காது மிலிட்சா!” என்று கெரின் கத்தினாள். கத்திய பிறகு காது சுட்டது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மின்சாரக்காரர் வரவில்லை. கெரினுக்கு அது வரமாக இருந்தது. இப்போதாவது சொல் என்று மனசு பிடித்துத் தள்ளியது. நாடா வரைக்கும் போனாள்.

“அலிஸ்டர்!”

“என்ன?”

டேமியன் திரும்பினான். லினெட் திரும்பினாள். மிலிட்சா படியிலிருந்து ஒரு படி இறங்கினாள்.

“உன் ட்ரெய்லர் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு.”

அலிஸ்டர் குனிந்து பார்த்தான். “நல்லாத்தானே இருக்கு?”

“பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பத்தரை வாக்கில் மின்சாரக்காரர் வந்தார். கம்பியைச் சோதித்தார், சுருட்டி ஓரமாகப் போட்டார், “உயிரில்ல, இனி உங்க பாடு” என்று அடுத்த தெருவுக்குப் பறந்தார். கெரின் தலைக்கவசம் மாட்டி, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வேரைப் பார்த்தாள், எந்தப் பக்கம் பாரம் இழுக்கிறது என்று பார்த்தாள், பக்கத்தில் நிற்கிற மரங்களை அண்ணாந்து பார்த்தாள். வில்லங்கம் எதுவும் இல்லை. இவ்வளவு ஒழுங்காக விழுந்த மரத்தை அவள் பார்த்தே நாளாயிற்று.

அலிஸ்டர் நாடாவைத் தாண்டி மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “உனக்கு இது அரை மணி நேர வேலை கெரின். நான் பன்னெண்டுக்கு நெடுஞ்சாலையில இருப்பேன்.”

பாராட்டாகத்தான் சொன்னான், பாவி. அவன் போகிற பாதையை அவள் கையாலேயே வெட்டித் திறந்துவிட வேண்டும். அதுவும் அரை மணி நேரத்தில். லினெட் பின்னால் வந்து நின்றாள். கெரின் கயிற்றை இழுத்து ரம்பத்தைக் கிளப்பினாள். அடிமரத்தில் வைக்கப் போனாள். கை போகவில்லை.

ரம்பத்தை அணைத்தாள். கையை உயர்த்தினாள்.

“நிப்பாட்டு!”

இந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் படையில் யார் வேண்டுமானாலும் ‘நிப்பாட்டு’ சொல்லலாம், நேற்று சேர்ந்தவர்கூட. சொன்னால் வேலை நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. கேள்வி கேட்டால் அடுத்த தடவை சொல்லத் தயங்குவார்கள், தயங்கினால் உயிர் போகும். அதனால் அந்த வார்த்தையை வைத்து யாரும் விளையாட மாட்டார்கள்.

“பக்கத்து மரத்துல, உச்சியில, ஒடிஞ்ச கிளை மாட்டிக்கிட்டு நிக்குது. நான் இதுக்குக் கீழ வெட்ட மாட்டேன்” என்றாள் கெரின்.

“சரி” என்றான் டேமியன். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாரும் வெளிய வாங்க.”

ஆனால் அலிஸ்டர் அண்ணாந்து பார்த்தான். அவன் இப்போது படையில் இல்லை, பார்க்கலாம். பதினோரு வருஷம் மேலே பார்த்தே பழகின கண். ஒவ்வொரு கிளையாகப் பார்த்தான். பிறகு கெரினைப் பார்த்தான். அவள் கையுறையைக் கழற்றுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். செத்தேன் என்று நினைத்தாள்.

“ஆமா” என்றான் அலிஸ்டர். “கவட்டைக்குப் பக்கத்துல. எனக்கும் தெரியுது.”

கெரின் சட்டென்று நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்துபோயிருந்தது. அவளுக்கு வந்ததே ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம்!

டேமியன் நகராட்சிக்குப் போன் போட்டான். மாவட்டம் முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, கிரேன் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். அலிஸ்டர் போனை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

“மக அழுதாளா?” என்று கெரின் கத்தினாள்.

“இல்ல. பரவாயில்லப்பான்னு சொன்னா.” போனைப் பையில் போட்டான். “அழுதிருந்தாக்கூடத் தேவலாம்.”

கெரினின் சந்தோஷத்தில் பாதி அப்போதே வடிந்துபோயிற்று. மீதியையும் மிலிட்சா வந்து வாங்கிக்கொண்டாள்.

“டேமியன், என் புருஷன் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். டயாலிசிஸ். நேத்தே போயிருக்கணும், புயல்னு தள்ளிப் போட்டாங்க. காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்குன்னு.”

அவள் புருஷன் கோரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஆள் பீப்பாய் கணக்காக இருப்பான். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று கையை ஆட்டினான்.

தொங்குகிற கிளைக்கு அடியில் நோயாளியைக் கூட்டி வர முடியாது. டேமியன் யோசிக்கவே இல்லை. “கொல்லைப் பக்கமா தூக்கிட்டு வரலாம். ஸ்ட்ரெச்சரை எடுங்க.” கொல்லைப் பக்கம் என்பது செங்குத்துச் சரிவு, கீழே ஓடை, ராத்திரி மழையில் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வழி பார்க்கப் போன லினெட் இறங்கின வேகத்தில் சறுக்கி இடுப்பு வரை சேற்றில் புதைந்தாள். ஒரு வேலிக்கம்பைப் பிடித்துத் தொங்கித்தான் மேலே வந்தாள்.

“என்னைத் தூக்கவா?” என்றான் கோரன். “எனக்கும் சேர்த்து ரெண்டு கிரேனா சொல்லுங்கப்பா.”

யாரும் சிரிக்கவில்லை. டேமியன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். கோரனைச் சுமந்துகொண்டு அந்தச் சேற்றில் நாலு பேர் இறங்கப் போகிறார்கள், ஏனென்று ஒரு கேள்வி கேட்காமல். அவள் சொன்னாள் என்பதற்காக.

“வேணாம்” என்றாள் கெரின். “டேமியன், வேணாம். கயிறை அவுரு. மேல ஒண்ணும் இல்ல.”

“என்ன ஒண்ணும் இல்ல?”

“கிளை இல்ல. நான் பொய் சொன்னேன்.”

டேமியனின் கை கயிற்றிலேயே நின்றது. “ஏன்?” என்று கேட்டான். அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் படையில் யாரும் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவன் போகக் கூடாதுன்னு.”

அந்தப் பக்கம் நின்றவனுக்கும் கேட்டது. தெருவுக்கே கேட்டது. மிலிட்சா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அட, இதுக்கா!” என்றான் கோரன். “முதல்லயே சொல்லியிருந்தா நான் நாளைக்குப் போயிருப்பேனே!”

“நீ வாயை மூடு!” என்று மிலிட்சா அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

டேமியன் அலிஸ்டர் பக்கம் திரும்பினான். “எனக்கும் தெரியுதுன்னு நீ சொன்னியே. கவட்டைக்குப் பக்கத்துல. தெரிஞ்சுதா?”

“இல்ல” என்றான் அலிஸ்டர்.

“நல்லா இருக்குய்யா உங்க நாடகம்.” கசாப்புக்காரன் முகத்தில் விளையாட்டே இல்லை. “ரம்பத்தைக் குடு, நான் வெட்டுறேன். நீ அந்தப் பக்கம் போய் நில்லு. உங்க ரெண்டு பேரையும் இனிமே ஒரே ரம்பத்துல நிறுத்த முடியாது.”

கோபத்தில்தான் சொன்னான். ஆனால் அது ஜோடிகளுக்குச் சொல்கிற வார்த்தை. அவனுக்கும் டெஸ்ஸுக்கும் முன்பு சொன்ன அதே வார்த்தை. சேறு வழிய நின்ற லினெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. டேமியன் ரம்பத்தை வாங்கும்போது மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: “இனிமே நீ நிப்பாட்டுன்னா நான் ஒரு தடவை மேல பாப்பேன் கெரின். அதுதான் எனக்கு வருத்தம்.”

அது அவளுக்கு அறைந்த மாதிரி வலித்தது. அடிமரத்தில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள்.

கிட்டே போன பிறகுதான் பார்த்தாள். ட்ரெய்லரில் தார்ப்பாய் அவிழ்ந்து கிடந்தது. சாமான்களுக்கு நடுவே பெரிதாக ஓர் இடம் காலியாக இருந்தது.

“என்ன இது?”

அலிஸ்டர் திறந்து கிடந்த வீட்டுக்குள் நடந்தான். அவளும் பின்னால் போனாள். சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. காலி அறையின் நடுவில் அவனுடைய மெத்தை. அதன்மேல் ஒரு போர்வை, மடிப்புக்கூடக் கலையாமல்.

“மகளுக்குப் போன் பண்ணிட்டு இறக்கினேன்” என்றான். “ராத்திரி தங்கணும்ல.”

வெளியே ரம்பம் கிளம்பியது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெத்தையைத் தூக்கினார்கள். நிலைப்படியில் அது மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள்.

“எப்போலேர்ந்து?” என்று கெரின் மெத்தைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். அவன் முகம் தெரியாததால்தான் கேட்க முடிந்தது.

“டெஸ்ஸை வேற குழுவுக்கு மாத்தினாங்கள்ல, அப்போ. நம்மளையும் பிரிச்சுருவாங்களோன்னு பயம் வந்துச்சு. ஏன்டா நமக்குப் பயம் வருதுன்னு யோசிச்சேன். உனக்கு?”

“அதுக்கும் முன்னாடி.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீ சொல்லியிருக்கலாமே!”

மெத்தை வெளியே வந்தது. ட்ரெய்லரில் ஏற்றினார்கள். அவன் தார்ப்பாயை இழுத்தான், அவள் கயிறு போட்டாள். அடிமரத்திலிருந்து முதல் துண்டு உருண்டு ஓரம் போனது. பிறகு இரண்டாவது.

“இவன் ஏன் இவ்வளவு வேகமா அறுக்கிறான்?” என்றாள் கெரின். “கசாப்புக்காரப் பய.” அலிஸ்டர் அவள் கையைப் பிடித்தான். கையுறை போடாத கை. இரண்டு பேரும் அப்படியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீ ஒரு தடவை அங்க வாயேன்.”

“பாக்குறேன்” என்றாள். எங்கள் பக்கத்தில் ‘பாக்குறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தினம் காலையில் பேருந்துக்காக வாசலில் நிற்கிற பிள்ளைகள் அவளுக்கு இங்கே. அவனுக்கு அங்கே இரண்டு. இருந்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இருந்துவிடுவான் போல அவளுக்குத் தோன்றியது. ‘பரவாயில்லப்பா’ என்று சொன்ன அந்தப் பெண்ணை நினைத்தாள். சொல்லவில்லை.

ரம்பம் நின்றது. லினெட் மரத்தூளைப் பெருக்கித் தள்ளினாள். கோரனை ஏற்றிக்கொண்டு மிலிட்சாவின் கார் முதலில் போனது. கோரன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இருவரையும் பார்த்து ஆட்டிக்கொண்டே போனான்.

அலிஸ்டர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். கண்ணாடியை இறக்கினான்.

“பதினோரு வருஷத்துல ஒரே ஒரு பொய் சொன்ன கெரின். அதை ஒரு ராத்திரிக்குக்கூட வச்சிருக்க முடியலையா உன்னால?”

“கோரன் போகணுமே.”

“போகணும்தான்” என்றான் அவன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.